வரட்டியில் வெந்த பொங்கல்

பேரன் பேத்தி எடுத்துவிட்ட பிள்ளைகளே, போன வாரம் நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பழைய படத்தைப் போட்டிருந்தீர்கள். கறுப்பு வெள்ளைப் படம், ஒரு ஓரம் செல்லரித்துப் போயிருக்கிறது. நம் பள்ளி மைதானம். பின்னால் வேப்பமரம். மாலை போட்ட அதிகாரி ஒருவர் கைதட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்கு எதிரே கதர்ப் பாவாடையும் சட்டையும் போட்ட ஒரு பெண் தலையைக் குனிந்து நிற்கிறாள். படத்துக்குக் கீழே ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டீர்கள். ‘வரட்டிப் பொங்கல் நாள்!’ என்று ஒருத்தி. அந்தப் பொங்கல் ருசி இன்னும் நாக்கிலேயே நிற்கிறது என்று இன்னொருத்தி. ‘பாரேன், எம்புட்டு வெட்கம் அவளுக்கு’ என்று வேறொருத்தி, கூடவே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள்.

அது வெட்கம் இல்லை. அவள் வெட்கப்படுகிற பெண்ணே இல்லை. அந்த முகத்தில் இருந்தது என்ன என்று இத்தனை வருடமாக எனக்கு மட்டும்தான் தெரியும். பள்ளியைக் கட்டியாண்ட நம் பெரிய டீச்சர் உயிரோடு இருக்கிற வரை வாயைத் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். பெரிய டீச்சர் இந்தத் தை மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் அவளுக்குப் போன் போட்டு, எழுதட்டுமா என்று கேட்டேன். “இனிமே எழுதிக்க” என்றாள். அவள் இந்தக் குழுவில் இல்லை. பட்டன் போன்தான் வைத்திருக்கிறாள், அதுவும் பாதி நேரம் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். ஆகவே நீங்கள் எழுதுகிற பதில்களை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். பார்த்து எழுதுங்கள்.

நம் பள்ளியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருமங்கலத்திலிருந்து கல்லுப்பட்டி போகிற ரோட்டில் இறங்கி, வண்டிப்பாதையில் நடந்தால் ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். ஆசிரமத்துப் பள்ளிகளைப் பார்த்து ஆசைப்பட்டு யாரோ ஒரு புண்ணியவான் நிலம் கொடுத்து ஆரம்பித்தது. காலையில் பிரார்த்தனை, அது முடிந்ததும் தோட்ட வேலை, அப்புறம்தான் பாடம். நாம் தின்பதை நாம்தான் விளைவிக்க வேண்டும் என்பது பெரிய டீச்சர் போட்ட சட்டம். அரிசி பருப்பு வெளியிலிருந்து வரும், காய் மட்டும் வெளியிலிருந்து வரவே கூடாது.

நான் அங்கே வந்தது தோட்டக் கலையில் ஆர்வம் பிறந்து அல்ல. மதுரை சிம்மக்கல்லில் அப்பாவின் சைக்கிள் கடை வாசலில் வாடகை சைக்கிளை எடுத்துக்கொண்டு பையன்களோடு ரேஸ் விட்டேன் என்று என்னைக் கொண்டுவந்து ஆஸ்டலில் தள்ளினார்கள். அதுவரை எனக்குக் காய்கறி என்றால் மார்க்கெட்டில் கோணிச் சாக்கின் மேல் குவிந்திருப்பது. கொத்தவரை விதையை ஊன்றிவிட்டு, முளைத்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தேன். முளைக்கவே இல்லை. விதை சொத்தை என்று அடித்துச் சொன்னேன்.

ஏழாம் வகுப்பில் அவள் வந்து சேர்ந்தாள். இரண்டு பேருக்கு ஒரு பாத்தி என்பது பழக்கம். எனக்குக் கூட்டாளியாக இருந்தவள் அம்மை போட்டு வீட்டுக்குப் போய்விட்டதால் இவளை என்னோடு சேர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் என் பாத்திக்காரி. இப்போதும் என் போனில் அவள் பேர் அப்படித்தான் இருக்கிறது. முதல் நாளே நான் விதையைத் தோண்டுவதைப் பார்த்துக் கையில் ஓர் அடி வைத்தாள். “தூங்குற பிள்ளைய எழுப்பி எழுப்பிப் பாத்தா அது எப்படி வளரும்?” என்று கேட்டாள். வந்த அன்றைக்கே அடித்துவிட்டாளே என்று எனக்குப் பயங்கரக் கோபம். மூன்று வேளை பேசாமல் இருந்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டில் அவளுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன்.

அவள் ஊர் திருமங்கலத்துக்கு மேற்கே. அப்பா இல்லை. அவளும் அம்மாவும்தான். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. ஆனாலும் வருடத்தில் ஒரு போகம் வெள்ளாமை செய்தார்கள். எங்கே என்று கேட்பீர்கள். ஊர்க் கண்மாயில். மழைக்கு நிறைந்த கண்மாய் தை மாசியில் வற்ற ஆரம்பிக்கும். தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, ஈரம் காயாத அந்த வண்டலில் நிலமில்லாத வீட்டுக்காரர்கள் வெள்ளரி ஊன்றிவிடுவார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், எரு வேண்டாம். பங்குனி சித்திரையில் கண்மாய்க்குள் பச்சைக்கொடி படர்ந்து கிடக்கும். அவள் அம்மா அதைப் பறித்து, மூங்கில் தட்டில் அடுக்கிக்கொண்டு திருமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவி, பஸ் ஜன்னலுக்கு நேராக நீட்டுவார். கோடை முழுக்க அதுதான் அவர்கள் சோறு.

அந்த வெள்ளரியை நான் தின்றிருக்கிறேன். குட்டையாக, கரும்பச்சைக் கோடு போட்டிருக்கும். தோல் மெலிது. காம்புப் பக்கம் கசக்காது, லேசாகப் புளிக்கும். அந்தப் புளிப்புக்காகவே காம்புத் துண்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். பழுத்தால் தானாக வெடித்து, மாவு மாவாக, வாசனை தோட்டத்தையே தூக்கும்.

அவள் வந்து சேர்வதற்கு முந்தின வருடம் மழை பெய்யவில்லை. கண்மாயில் வேலிக்கருவை முளைத்துவிட்டது. கண்மாய் நிறையாவிட்டால் அவர்களுக்குப் பூமியே இல்லை. அவள் அம்மா கம்பம் பக்கம் களையெடுக்கப் போவது என்று முடிவாகி, பெண்ணை நம் பள்ளியில் கொண்டுவந்து விட்டார். பெரிய டீச்சர் ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வருவதா வேண்டாமா என்று அவருக்குச் சந்தேகம். பெரிய டீச்சர் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்து பெஞ்சில் உட்கார வைத்தார். இதையும் எழுதிவைக்க வேண்டும். பெரிய டீச்சரைப் பற்றி இனிமேல் நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள்.

போகிறபோது அந்த அம்மா பெண்ணின் கையில் ஒரு துணி முடிச்சைக் கொடுத்தார். உள்ளே வெள்ளரி விதை. இரண்டாவது வருடமும் வானம் ஏமாற்றிவிட்டால் விதை மண்ணைப் பார்க்காமலே செத்துவிடும், தெருவில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் பூச்சி அரித்துப் போய்விட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்று சொல்லிக்கொடுத்தார். அவர் கடைசியாகச் சொன்னதை என் பாத்திக்காரி எனக்கு அப்படியே பலதடவை சொல்லிக்காட்டியிருக்கிறாள்.

“பள்ளிக்கொடத்துல மண்ணு இருக்கு. நீ போட்டு எடுத்து உசுரோட வச்சிரு. கம்மா நெறைஞ்சதும் வந்து வாங்கிக்கிறேன்.”

அந்த வருடமும் மழை ஏமாற்றியது. நம் கிணற்றில் வாளி தரை தட்டுகிற சத்தம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? இறங்குகிற கயிறு திடீரென்று தொய்ந்து, அடியிலிருந்து ‘ணங்’ என்று கேட்கும். குளிக்கிற தண்ணீர் வாழைக்கு, அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, தட்டு கழுவிய தண்ணீர் பாத்திக்கு என்று பெரிய டீச்சர் பங்கு போட்டார். தட்டைச் சாம்பலில்தான் துலக்க வேண்டும், சோப்பு போட்டால் செடி தாங்காது. சாப்பிட்டு முடித்ததும் நாம் எல்லோரும் தட்டைக் கழுவி, அந்தத் தண்ணீர் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வரிசையாகத் தோட்டத்துக்கு நடப்போமே. வெளியாள் யாராவது பார்த்திருந்தால் சாமி கும்பிடப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

தை பிறந்ததும் எங்கள் பாத்தியில் அவள் முடிச்சில் இருந்த வெள்ளரி விதை முழுவதையும் ஊன்றினாள். விதை பழசு. நாலைந்துதான் முளைத்தது. நான் தோண்டிப் பார்க்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். குப்பைக்குழியிலிருந்து எருவை வாரிக்கொண்டுவந்து போட்டோம். நன்றாக மக்கிய எருவுக்குள் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், எடுத்து மோந்தால் சாணி வாடையே இராது. அந்த வாசனைக்கு நான் இப்போது எங்கே போவேன்? மாடியில் தொட்டி வைத்திருக்கிறேன். பாக்கெட்டில் எரு வாங்கிப் போடுகிறேன். பாக்கெட்டைப் பிரிக்கும்போதெல்லாம் மோந்து பார்த்து ஏமாறுகிறேன்.

பங்குனியில் காய்த்தது. நம் சாப்பாட்டுக் கூடத்து வழக்கம் ஒன்று உண்டே, அன்றைக்குத் தட்டில் விழுகிற காய் யார் பாத்தியில் விளைந்ததோ அவர்கள் எழுந்து நின்று ‘இன்று எங்கள் பாத்தி’ என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். வெள்ளரிக்காய் பச்சடி போட்ட அன்று நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். நான் உளறிக்கொட்டினேன். அவள் கணீரென்று சொன்னாள். அவ்வளவு பெரிய கூடத்தில் அத்தனை பேரும் அவள் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். உட்கார்ந்ததும் என் தொடையைக் கிள்ளினாள். இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கிறது.

இப்போது விதைக்கு வருகிறேன். பிஞ்சிலேயே பறித்து அடுப்படிக்குக் கொடுத்துவிட வேண்டும், ஒரு காயைக்கூடக் கொடியில் முற்றவிடக் கூடாது என்பது அந்த வருடத்து உத்தரவு. காய்க்கு அவ்வளவு தட்டுப்பாடு. விதை தேவையென்றால் திருமங்கலம் வேளாண்மை ஆபீஸிலிருந்து படம் அச்சடித்த பொட்டலத்தில் வரும், அது வீரிய விதை, அதுதான் நல்லது என்று பெரிய டீச்சர் முழுமனதாக நம்பினார். நாட்டு விதையை அவர் கேவலமாக நினைத்தார் என்றில்லை. அது ஒரு காலத்தில் தீர்ந்துபோகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. பெரியவர்களில் யாருக்குத்தான் அப்போது தோன்றியது?

என் பாத்திக்காரி இரண்டு காயை மட்டும் வைக்கோலால் மூடிக் கொடியிலேயே விட்டுவைத்தாள். சித்திரை வெயிலுக்கு அவை பழுத்து வெடித்தபோது வாசனை எங்களைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. அடுப்படி அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார். பழத்தை வழித்து, அந்த அக்காவிடமே கெஞ்சி வாங்கிய கருப்பட்டித் துண்டோடு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றோம். விதையை அலசி, நிழலில் காயவைத்தோம். பிறகு அவள் தன் அம்மா செய்கிற மாதிரியே, புதுச் சாணியோடு சாம்பலைப் பிசைந்து, அதற்குள் விதையைப் பொதிந்து, வரட்டியாகத் தட்டினாள். சாணிக்குள் இருந்தால் பூச்சி அண்டாது, அடுத்த தை வரைக்கும் கெடாது. எலிக்கு எட்டாமல் இருக்கக் கொட்டகையின் பின்சுவரில், கூரைக்குக் கீழே உயரத்தில் அப்ப வேண்டும். நான் குனிந்து நின்றேன். அவள் என் முதுகில் ஏறி நின்று, ஒவ்வொன்றாக அறைந்தாள். சாணிச்சொட்டு என் பிடரியில் விழுந்து சட்டைக்குள் இறங்கியது. அவளுடைய குதிகால் என் முதுகெலும்பில் அழுந்தியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

கோடை விடுமுறைக்கு நான் மதுரைக்குப் போனேன். அவள் ஆஸ்டலிலேயே இருந்துகொண்டாள். அம்மா கம்பத்திலிருந்து வரவில்லை. திரும்பி வந்தபோது முதல் காரியமாக என்னைக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினாள். வரட்டிகள் வெளுத்துக் காய்ந்து, ஒவ்வொன்றிலும் அவளுடைய ஐந்து விரலும் பதிந்து, சுவரில் இருந்தன.

எட்டாம் வகுப்பில் காந்தி ஜெயந்திக்கு அந்த அதிகாரி வந்தார். நமக்கு அது விழா. பெரிய டீச்சருக்கு அது உயிர்ப் பிரச்சினை என்று எனக்கு ரொம்பப் பிற்பாடுதான் புரிந்தது. கிணற்றைத் தூர்வாரி, கரண்ட் இழுத்து, மோட்டார் வைக்க அவர் கையெழுத்து போட வேண்டும். போடாவிட்டால் தோட்டத்தை மூடிவிட்டு நிலத்தை விற்றுவிடலாம் என்று பள்ளி நிர்வாகத்தில் பேச்சு ஆரம்பித்திருந்தது. தோட்டம் இல்லையென்றால் இலவச ஆஸ்டலும் இல்லை. பெரிய டீச்சர் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. எல்லாச் சுவருக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். கொட்டகைச் சுவருக்கும். அதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

அன்று காலை நாம் முன்வாசலில் தோரணம் கட்டிக்கொண்டும் பாட்டுப் பழகிக்கொண்டும் இருந்தோம். சுண்ணாம்பு அடிக்க வந்தவர் பின்சுவரில் இருந்த வரட்டியைப் பெயர்த்துத் தரையில் போட்டிருக்கிறார். பெரிய டீச்சர் அதைப் பார்த்திருக்கிறார். விறகு செலவைக் குறைக்க யாரோ ஒரு பிள்ளை தானாகவே சாணியைத் தட்டி வைத்திருக்கிறது என்று அவருக்கு ஒரே பூரிப்பு. சர்க்கரைப் பொங்கல் அடுப்புக்கு அதையே எடுத்துக்கொள்ளச் சொல்லி அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்.

வேறு எந்தப் பள்ளியாக இருந்தாலும் அதை வாரிக் குப்பைக்குழியில் போட்டிருப்பார்கள். மழைக்கு அங்கேயே விதை முளைத்துப் படர்ந்திருக்கும். எதையுமே வீணாக்காத பள்ளியில் போய் மாட்டிக்கொண்டதே! இதை நினைத்து நான் சிரித்திருக்கிறேன், அழுதும் இருக்கிறேன்.

நான் குடிதண்ணீர்க் குடத்தோடு அடுப்படிக்குள் போனபோது அடுப்பில் ‘பட், பட்’ என்று எதுவோ பொரிந்துகொண்டிருந்தது. அடுப்படி அக்காகூட, என்ன இது சாணி கடுகு மாதிரி வெடிக்கிறதே என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டுக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அது என்ன சத்தம் என்று எனக்கு அப்போது தெரியாது.

பந்தி வேப்பமரத்தடியில். அதிகாரி நம்மோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நெய் மணக்க மணக்கப் பொங்கல். என் பாத்திக்காரி இரண்டாந்தடவையும் வாங்கிக்கொண்டாள். சாப்பிட்டு முடியும் சமயம் பெரிய டீச்சர் எழுந்து நின்றார். தோட்டத்தைப் பற்றி, தட்டுத் தண்ணீரைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, இங்கே யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகள் எதையும் வீணாக்காமல் பழகியிருக்கிறார்கள், இன்றைய பொங்கல்கூடக் கொட்டகைச் சுவரில் ஒரு பிள்ளை தட்டி வைத்திருந்த வரட்டியில் வெந்ததுதான் என்றார்.

“அந்தப் பிள்ளை யாரு? எழுந்து நில்லும்மா” என்றார்.

அடுப்பில் பொரிந்தது என்னவென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவளைப் பார்த்தேன். அவள் பெரிய டீச்சரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்துப் பழக்கம் விடுமா? யார் விளைவித்தார்களோ அவர்கள் எழுந்து நின்றே ஆக வேண்டும். அத்தனை பேரும் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், அதிகாரி காத்திருக்கிறார், பெரிய டீச்சர் முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. அவள் மெல்ல எழுந்து நின்றாள். அதிகாரி பக்கத்தில் கூப்பிட்டார், போனாள். கைதட்டினார். போட்டோக்காரர் படம் எடுத்தார். அந்தப் படம்தான் நீங்கள் போட்டது.

மோட்டார் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிணற்று மேட்டில் சின்ன அறை கட்டி வைத்துவிட்டார்கள். தோட்டம் பிழைத்தது. நாமும் பத்தாவது வரை அங்கே படித்தோம்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படிச் சாம்பலை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பெரிய டீச்சரிடம் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாம்டி. சொன்னா வெதை வந்துருமா? டீச்சர் மொகத்தப் பாத்தேல்ல நீ. இன்னைக்குத்தான் அது சிரிச்சுச்சு” என்றாள்.

அப்போது வாங்கியதுதான் அந்தச் சத்தியம். திருமங்கலம் சந்தையில் வேறு வெள்ளரி விதை வாங்கி முடிச்சில் கட்டிவைத்துவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அவள் அம்மா மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடும் என்றாள்.

அதற்குப் பிறகுதான் எனக்குத் தாங்க முடியாத காலம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் காயப்போட்ட வானம் அந்த வருடம் கொட்டித் தீர்த்தது. நீங்கள் எல்லோரும் முற்றத்தில் இறங்கி ஆட்டம் போட்டீர்கள். பெரிய டீச்சரே குடையை மடக்கிவிட்டு நனைந்தார். என் பாத்திக்காரி மட்டும் ஆஸ்டல் அறையில், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, காதைப் பொத்திக்கொண்டாள். பிறந்ததிலிருந்து மழைக்காகக் காத்துக்கிடந்த வீட்டுப் பெண். கண்மாய் நிறைந்தால் அம்மா வந்துவிடும். ஒவ்வொரு மழைக்கும் அவள் முகம் சுருங்குவதை நான் பார்த்தேன். மழை நிற்கட்டும் என்று அவளுக்காக நானும் சாமி கும்பிட்டேன். எந்தச் சாமி அந்த வேண்டுதலைக் கேட்கும்? கார்த்திகையிலேயே கண்மாய் நிறைந்து வழிந்து மறுகால் பாய்ந்துவிட்டது என்று அவள் ஊரிலிருந்து வந்த பால்காரர் சொல்லிவிட்டுப் போனார்.

தையில் அவள் அம்மா வந்தார். கறுத்து, மெலிந்து, ஆனால் சிரித்துக்கொண்டே வந்தார். இந்தத் தடவை கேட்டில் நிற்கவில்லை, நேராக உள்ளே வந்துவிட்டார். கண்மாயில் தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது, கரையோரம் ஈரம் பதமாக இருக்கிறது, இன்றைக்கே ஊன்றிவிடலாம் என்று மூச்சுவிடாமல் சொன்னார். மடியிலிருந்து ஒரு துணியை எடுத்து விரித்தார். விதை வாங்கிக்கொள்ளக் கொண்டுவந்த துணி.

பாத்திக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழாமல், எதையும் மறைக்காமல், சுவரில் அப்பியதிலிருந்து கைதட்டு வாங்கியது வரை சொல்லி முடித்தாள். அந்த அம்மா விரித்த துணியை மடித்தார். மறுபடி விரித்தார். மறுபடி மடித்தார்.

“பொங்கல் நல்லா இருந்துச்சா, ஆத்தா?” என்று கேட்டார்.

“நல்லா இருந்துச்சும்மா.”

“வயிறாரத் தின்னியா?”

“ரெண்டு தடவ வாங்குனேன்.”

“அப்பச் சரி. விடு” என்றார்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். நானும் அழுதேன். அந்தச் சமயம் பார்த்துக் கிணற்று மேட்டில் மோட்டாரைப் போட்டார்கள். குழாயிலிருந்து தண்ணீர் திமுதிமுவென்று தொட்டியில் விழுந்தது. அந்த அம்மா எழுந்து போய்க் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். கை நிறைய அள்ளிக் குடித்தார், முகம் கழுவினார், முந்தானையில் துடைத்துக்கொண்டார். பெண்ணிடம் நல்லாப் படி என்று சொல்லிவிட்டு நடந்து போனார். வண்டிப்பாதையில் அவர் போவதை நாங்கள் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வருடம் உசிலம்பட்டிப் பக்கமிருந்து யாரிடமோ விதை வாங்கிக் கண்மாயில் ஊன்றினார். காய்த்தது, விற்றது. ஆனால் அது வேறு வெள்ளரி, காம்பில் கசந்தது.

பெரிய டீச்சர் ஓய்வுக்குப் பிறகு நாகமலை புதுக்கோட்டையில் தம்பி மகள் வீட்டில் இருந்தார். இரண்டு வருடம் முன்னால் நானும் பாத்திக்காரியும் பார்க்கப் போனோம். கண் ஏறக்குறையத் தெரியவில்லை. குரலை வைத்து எங்களைக் கண்டுபிடித்தார். வீட்டில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு, அவள் கையைத் தடவிக்கொண்டே, அந்தப் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றியது இந்தக் கைதான், இவள் தட்டின வரட்டியில் வெந்த பொங்கலைத் தின்றுதான் அதிகாரி மனசு இளகினார் என்று சொன்னார். தன் வாழ்க்கையிலேயே மனசு நிறைந்த நாள் அதுதான் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா டீச்சர்” என்றாள் அவள். “நல்லா எரிஞ்சுச்சு.”

திரும்பும்போது அவளை ஊரில் விட நானும் கூடவே போனேன். திருமங்கலத்தில் பஸ் நின்றது. ஜன்னலுக்கு நேராக ஒரு பெண் வெள்ளரித் தட்டை நீட்டினாள். பாத்திக்காரி ஒன்று வாங்கினாள். காம்புப் பக்கத்தை முதலில் கடித்தாள். மெதுவாக மென்றாள். மீதியை என்னிடம் நீட்டினாள். எந்த ஊர்ப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலும் அவள் இப்படித்தான் செய்கிறாள். அவளுடைய அம்மா சாகும் வரை இப்படித்தான் செய்துகொண்டிருந்தாராம்.

ஆகவே பிள்ளைகளே, அந்தப் படத்துக்குக் கீழே வேறு எதுவும் எழுத வேண்டாம். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மகன் காரிலோ மகள் காரிலோ போய்க்கொண்டிருப்பீர்கள். ரோட்டோரத்தில் கண்மாய்க் கரையில் யாராவது கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். இறங்கி ஒன்று வாங்கித் தின்று பாருங்கள். குட்டையாக இருந்து, கரும்பச்சைக் கோடு போட்டிருந்து, காம்புப் பக்கம் கசக்காமல் லேசாகப் புளித்தால், அது எந்த ஊர்க் கண்மாய் என்று மட்டும் கேட்டு வையுங்கள். நாங்கள் இரண்டு பேரும் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுகிறோம்.